பேசாத குழந்தைக்குப் போனில் எந்தச் செயலி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேச்சே வராத, அல்லது ஒன்றிரண்டு சொற்களோடு நின்றுவிட்ட குழந்தைகளின் பெற்றோருக்காக இது எழுதப்படுகிறது. காரணம் ஆட்டிசமாக இருக்கலாம், மூளை முடக்குவாதமாக இருக்கலாம், டவுன் சிண்ட்ரோமாக இருக்கலாம், இன்னும் காரணமே தெரியாமலும் இருக்கலாம். படத்தைத் தொட்டால் போன் அந்தச் சொல்லைச் சொல்லும் செயலிகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். ஸ்பீச் தெரபிஸ்ட்கள் இவற்றை ஏ.ஏ.சி. செயலி என்பார்கள், அதாவது பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ உதவும் தொடர்பு வழி.

போன் பேசிக் கொடுத்தால் குழந்தைக்குப் பேச்சு வராமலே போய்விடாதா?

போகாது. முதலில் எழும் பயம் இதுதான், அதிகக் காலத்தை வீணடிப்பதும் இதுதான். 2006-இல் மில்லர், லைட், ஷ்லோசர் ஆகியோர் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைச் சலித்து, நம்பத்தக்க சான்றுள்ள 27 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கூடிய அளவு பலருக்குச் சிறியதுதான். ஆகவே செயலி வாங்கினால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். பேச்சு வருகிறதோ இல்லையோ, பசியையும் வலியையும் சொல்ல இன்றைக்கே ஒரு வழி வேண்டும்.

எந்த வயதில் தொடங்கலாம்? படத்தை அடையாளம் காணக் கற்றுக்கொண்ட பிறகா?

காத்திருக்க வேண்டாம். பேச்சு இன்னும் புரியாத கைக்குழந்தையிடம் நாம் பேசுவதை நிறுத்தி வைப்பதில்லை. புரிந்த பிறகு பேசலாம் என்று இருந்தால் புரிதலே வராது. இரண்டு வயதுக் குழந்தைக்கும் தொடங்கலாம், பன்னிரண்டு வயதிலும் தொடங்கலாம். கண்ணைப் பார்க்க வேண்டும், ஒரே இடத்தில் உட்கார வேண்டும், படத்தைப் பொருத்திக் காட்ட வேண்டும் என்று முன்நிபந்தனை வைப்பது பழைய பழக்கம்.

கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காது கேட்கும் திறனை ஆடியாலஜிஸ்டிடம் சோதித்துவிடுங்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு ஆட்டிசம் என்று மட்டும் முடிவுகட்டி, காதைப் பார்க்காமல் விட்ட வீடுகள் உண்டு. மாவட்ட அளவில் அரசு நடத்தும் ஆரம்ப இடையீட்டு மையங்களில், அதாவது டி.ஈ.ஐ.சி.-யில், இதற்கு வழி கேட்கலாம்.

தமிழில் வேலை செய்யும் செயலிகள் எவை?

ஆவாஸ்: சென்னையில் உருவானது. முதலில் தனிக் கருவியாக வந்து பிறகு செயலியானது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளோடு வேலை செய்யும் சென்னை வித்யா சாகருடன் சேர்ந்து இதை வளர்த்தார்கள். ஆண்ட்ராய்டிலும் ஆப்பிளிலும் கிடைக்கிறது, தமிழ் உண்டு. கட்டணம் உண்டு, முதலில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளச் சில நாள் தருகிறார்கள். சொற்களைச் சேர்த்து வாக்கியமாக்கும் வசதியும், வளர வளர விரிக்கும் இடமும் இருப்பதால் நீண்ட காலத்துக்குத் தமிழ்க் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது எங்கள் கருத்து.

ஜெல்லோ: ஐ.ஐ.டி. மும்பையில் வடிவமைத்தது, இலவசம், இந்திய மொழிகளுக்காகவே யோசித்துச் செய்தது. நடுவில் படங்கள், ஓரங்களில் பிடிக்கும், ஆமா, இன்னும், பிடிக்கல, வேண்டாம், குறைய என்கிற ஆறு உணர்வுப் பொத்தான்கள். படத்தைத் தொட்டு ஓரப் பொத்தானை அழுத்தினால் முழு வாக்கியம் வரும். இன்றே தொடங்க நினைப்பவர்களுக்கு நல்ல வாசல். குழந்தை தானாகச் சொல்லைக் கோக்கத் தொடங்கும்போது மட்டும் இந்த அமைப்பு இடுக்கமாக இருக்கும்.

சீபோர்ட்: இலவசம், திறந்த மூல மென்பொருள், பிரவுசரிலேயே ஓடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்து ஒன்று, உச்சரிக்க வேண்டியது ஒன்று எனத் தனித்தனியாக எழுதலாம். தமிழுக்கு இந்த வசதி எவ்வளவு பயன்படும் என்பதைக் குரல் பற்றிய கேள்வியில் சொல்கிறோம். பலகையை, அதாவது படக் கட்டங்கள் அடுக்கிய திரையை, நீங்களே அமைக்க வேண்டும், இரண்டு மூன்று மாலை வேலை.

லெட்மீடாக்: ஆண்ட்ராய்டில் இலவசம். இதிலுள்ள படங்கள் ஸ்பெயினின் அரகோன் அரசு வெளியிட்ட அராசாக் சித்திரங்கள். அவற்றை வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு யாரும் அச்சடிக்கலாம் என்பதால் காகிதப் பலகைக்கும் உதவும்.

புரொலோக்குவோ-டூ-கோ, லாம்ப் ஆகிய பெயர்கள் யூடியூபில் அடிக்கடி வரும். இரண்டும் ஆப்பிள் கருவிகளுக்கானவை, தமிழ் கிடையாது, விலையும் அதிகம். வீட்டில் ஆங்கிலமே பேசுகிற குடும்பமானால் பார்க்கலாம்.

இவற்றில் எது என் குழந்தைக்கு? விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையே.

ஐந்து வாக்கியங்களை வைத்துச் சோதித்துவிடலாம். செயலியை நிறுவி, இவற்றை நீங்களே தொட்டுச் சொல்லிப் பாருங்கள்:

"வேண்டாம், வேற குடு."
"காது வலிக்குது."
"அண்ணன் அடிச்சான்."
"இது என்ன?"
"நேத்து பாட்டி வந்தாங்க."

ஒவ்வொன்றுக்கும் எத்தனை தொடல் ஆகிறது என்று எண்ணுங்கள். முதல் நான்கும் மூன்று, நான்கு தொடலுக்குள் வரவேண்டும். "தண்ணி வேணும், பிஸ்கட் வேணும்" மட்டும் நன்றாக வந்து, புகார் சொல்லவும் கேள்வி கேட்கவும் நேற்று நடந்ததைச் சொல்லவும் வழியில்லாத செயலி, கேட்டு வாங்க மட்டும் பழக்கும். குழந்தை கேட்டது கிடைத்ததும் ஓடிவிடும், உங்களோடு பேச வராது. ஆரம்பத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆறு மாதத்தில் தெரியும்.

அடுத்து ஏர்பிளேன் மோடைப் போட்டுவிட்டு மறுபடி சொல்லிப் பாருங்கள். நெட் இல்லாமல் வாய் மூடிக்கொள்ளும் செயலி பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராண்டாவிலும் கைவிட்டுவிடும். மூன்றாவதாக, பலகையைச் சேமித்து வெளியே எடுத்துவைக்கும் பேக்கப் வசதி இருக்கிறதா பாருங்கள். இது இல்லாத செயலியில் மாதக்கணக்கில் சொல் சேர்க்க வேண்டாம்.

போன் போதுமா, டேப் வாங்க வேண்டுமா?

குழந்தையின் விரலையும் கண்ணையும் பொறுத்தது. 6.5 அங்குலப் போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் திரை சுமார் 15 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். மேல்பட்டை போக 6 பத்தி, 3 வரிசை என 18 கட்டம் வைத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரைக்கு இரண்டு செ.மீ. சின்ன விரலுக்கு அது போதும். இதற்குக் கீழே போனால் பக்கத்துக் கட்டம் அழுந்தி, கேட்காத சொல் ஒலிக்கும், குழந்தை வெறுத்துவிடும். ஏறத்தாழ அதே கட்ட அளவில் 8 அங்குல டேப்பில் 35 கட்டமும், 10 அங்குல டேப்பில் 54 கட்டமும் பிடிக்கும். ஓடியாடும் குழந்தைக்கு 8 அங்குலம் நல்ல நடுவழி, தோளில் மாட்டும் பட்டையுடன் உறை வாங்குங்கள்.

திரையை விட முக்கியமானது, அந்தக் கருவி குழந்தைக்கு மட்டும் உரியதா என்பது. அப்பாவின் போனில் செயலி இருந்தால், அப்பா வேலைக்குப் போகும்போது குழந்தையின் வாயும் சேர்ந்து போகிறது. கால் வந்தால் பாதி வாக்கியத்தில் திரை மாறுகிறது. சிம் இல்லாத பழைய போன் ஒன்று இருந்தாலும் அதையே ஒதுக்குங்கள். யூடியூபையும் கேமையும் அதிலிருந்து நீக்கிவிடுங்கள்.

முதலில் நாலு படம், பிறகு ஒன்பது என்று கூட்டிக்கொண்டே போகலாமா?

கூடாது. நாம் கீபோர்டில் எழுத்தைத் தேடாமல் டைப் அடிப்பது விரல் இடத்தை நினைவில் வைத்திருப்பதால்தான். குழந்தையும் அப்படித்தான் பழகுகிறது. கட்ட எண்ணிக்கையை மாற்றினால் எல்லாச் சொல்லும் இடம் மாறும், கற்ற விரல் ஏமாறும். தொடக்கத்திலேயே 18 அல்லது 35 கட்டப் பலகையை அமைத்து, இப்போது தேவைப்படாதவற்றை மறைத்துவையுங்கள். பத்துச் சொல் தெரிந்தபின் அடுத்தவற்றை அதே இடத்தில் திறந்துவிடலாம். "வேண்டாம்" எந்த மூலையில் இருக்கிறதோ அங்கேயே பத்து வருடம் இருக்கட்டும். எல்லாப் பக்கத்திலும் அதே மூலையில் இருக்கட்டும்.

எந்தச் சொற்களை வைப்பது?

பெரும்பாலோர் முதல் நாளே இட்லி, ஆப்பிள், பஸ், யானை என்று பெயர்களை நிரப்பிவிடுகிறார்கள். பெயர்ச்சொல்லால் கை காட்டத்தான் முடியும். முதல் பக்கத்தில் எந்த இடத்திலும் உதவும் சொற்கள் இருக்க வேண்டும்: நான், நீ, வேணும், வேண்டாம், இன்னும், போதும், வா, போ, குடு, பாரு, திற, என்ன, எங்க, அது, இல்ல, பிடிக்கல, வலிக்குது, முடிஞ்சுது. இந்த 18-ஐ வைத்தே ஒரு நாளைக் கடத்தலாம். "போதும்" ஊஞ்சலிலும் உதவும், சாம்பாரிலும் உதவும், முடிவெட்டும் கடையிலும் உதவும். உணவு, ஆட்கள், இடம், உடம்பு எனப் பெயர்ச்சொற்கள் தனி ஃபோல்டரில் போகட்டும். ஆட்களுக்குச் சித்திரம் வேண்டாம், போட்டோ போடுங்கள். அப்பத்தா, அம்மாச்சி, அம்மம்மா என வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அதையே எழுதுங்கள்.

தமிழ் வினைச்சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தை வைத்துச் செய்த பலகையை மொழிபெயர்த்தால் "நான் சாப்பிடு" என்று வரும். கேட்பவருக்குக் குழம்பும், குழந்தையும் தவறான தமிழைக் கேட்டு வளரும். அதிகம் பயன்படும் பத்து வினைகளுக்கு மட்டும் சிறு ஃபோல்டர் போட்டு நான்கு வடிவம் வையுங்கள்: சாப்பிடணும், சாப்பிட்டேன், சாப்பிடல, சாப்பிடு. நான்கும் எல்லா ஃபோல்டரிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். "போகணும், போனேன், போகல, போ" என்பதும் அதே இடங்களில் வந்தால் கடந்தது எங்கே, வேண்டுவது எங்கே என்று விரலே கற்றுக்கொள்ளும்.

உடம்பு ஃபோல்டரில் அந்தரங்க உறுப்புகளின் பெயரும், "தொடாதீங்க", "எனக்குப் பயமா இருக்கு", "அம்மாகிட்ட சொல்லணும்" என்பவையும் கட்டாயம் வேண்டும். கூச்சப்பட்டு இவற்றை விட்டுவிட்டால், தனக்கு நேர்ந்ததைச் சொல்ல அந்தக் குழந்தைக்கு வேறு வழியே இல்லை.

தமிழ்க் குரல் வரவில்லை, அல்லது உச்சரிப்பு சரியில்லை. என்ன செய்வது?

பெரும்பாலான செயலிகள் போனில் உள்ள குரலைத்தான் கடன் வாங்குகின்றன. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், ஆக்சஸிபிலிட்டி அல்லது மொழிப் பகுதிக்குள் டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்பதைத் திறங்கள். எஞ்சினாகக் கூகுளின் ஸ்பீச் சர்வீசஸைத் தேர்ந்தெடுங்கள். சில கம்பெனிப் போன்களில் தங்கள் சொந்த எஞ்சினை வைத்திருப்பார்கள், அதில் தமிழ் இல்லாததால்தான் சத்தமே வராது. பிறகு இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டாவில் தமிழை டவுன்லோடு செய்யுங்கள். ஐபோனிலும் ஐபேடிலும் 2022-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்க் குரல் இருக்கிறது. ஆக்சஸிபிலிட்டியில் ஸ்போக்கன் கன்டென்ட் (புதிய பதிப்பில் ரீட் அண்ட் ஸ்பீக்), வாய்சஸ் என்று போய் இறக்கிக்கொள்ளலாம்.

இந்தக் குரல்கள் எழுத்துத் தமிழுக்குப் பழகியவை. பேச்சு வழக்கை எழுதினால் சில இடங்களில் தடுக்கும். கட்டத்தில் தெரியும் எழுத்து வேறு, உச்சரிக்கும் எழுத்து வேறு என வைக்க முடிந்தால், உச்சரிக்கும் பெட்டியில் மட்டும் எழுத்தை மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று முயற்சியில் சரியாகிவிடும். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் வீட்டில் "சாப்பிடோணும்" என்றே வரட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாட்டிக்கும் புரிவதுதான் அளவுகோல்.

அப்படியும் சரிவராத சொற்களைக் குரலில் பதிவு செய்யுங்கள். ஏறத்தாழ அதே வயதுள்ள அக்கா மகனோ தம்பி மகளோ பேசினால் நன்று. ஃபேனை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு சொல்லுக்கு ஒரு பதிவு எடுங்கள். முன்னும் பின்னும் மௌனம் இருந்தால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வாக்கியமாகச் சேர்க்கும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விழும்.

சத்தம் போதவில்லை என்று ப்ளூடூத் ஸ்பீக்கர் மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். சும்மா இருக்கும் ஸ்பீக்கர் தூங்கி எழ ஒரு நொடிக்குக் குறைவான நேரம் எடுக்கும், அதில் முதல் எழுத்து விழுங்கப்படும். "வேண்டாம்" என்பது "ண்டாம்" என்றும், "போ" என்பது ஒன்றுமே இல்லாமலும் போகும். வயரில் மாட்டும் ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை.

செயலியை விட்டு வெளியே போய் வீடியோ பார்க்கிறான். எப்படித் தடுப்பது?

ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ். முன்னது செட்டிங்ஸின் செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். அதை இயக்கி, வெளியேற பின் நம்பர் கேட்கும்படி வைத்து, சமீபத்திய செயலிகள் திரையில் செயலியின் சின்னத்தைத் தொட்டுப் 'பின்' கொடுங்கள். கைடட் ஆக்சஸை ஆக்சஸிபிலிட்டியில் இயக்கி, செயலியைத் திறந்து, பக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள். திரை அணையும் நேரத்தை அதிகமாக்குங்கள், அறிவிப்புகளை நிறுத்துங்கள். எடிட் செய்யும் பகுதிக்கும் பூட்டுப் போடுங்கள், குழந்தைகள் படங்களை அழித்துவிடுவது சகஜம்.

எல்லாம் செய்தாச்சு. தொடவே மாட்டேன் என்கிறாள்.

வீட்டில் வேறு யார் அந்தப் பலகையைத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். பேசும் குழந்தை ஏறத்தாழ ஒரு வருடம் பேச்சைக் கேட்ட பிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. இந்தக் குழந்தையும் பலகையில் பேசுவதை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் வாயால் பேசிக்கொண்டே முக்கியச் சொல்லை மட்டும் தொடுங்கள். குளிப்பாட்டும்போது "தண்ணி சூடா இருக்கா? *போதும்*?" என்று கேட்டபடி "போதும்" தொடுவது. கதவருகே "*திற*" தொட்டுவிட்டுத் திறப்பது. குழந்தை ஒரு சொல் தொடும் நிலையில் இருந்தால் நீங்கள் இரண்டு தொடுங்கள்.

தொட்டபின் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கடினம். "சொல்லு, சொல்லு, தண்ணி எங்க இருக்கு காட்டு" என்று பரீட்சை வைத்தால் பலகை வீட்டுப்பாடமாகிவிடும். கேட்ட பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு, தொட்டால்தான் தருவேன் என்பதும் வேண்டாம். கையால் இழுத்துக் காட்டினாலும் அது பேச்சுதான். கொடுத்துவிட்டு, கொடுக்கும்போது பலகையில் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். குறைந்தது மூன்று மாதம் இப்படி ஓடாமல் செயலி சரியில்லை என்று முடிவெடுத்து வேறொன்றுக்கு மாற வேண்டாம்.

ஒரே பட்டனை இருபது தடவை அழுத்துகிறான். அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள், போனையும் பிடுங்காதீர்கள். மழலை பேசும் குழந்தை "பபபபா" என்று சொல்லிக்கொண்டே இருப்பதை நாம் தடுப்பதில்லையே. "சாக்லேட்" என்று அழுத்தினால், "சாக்லேட் கேக்குற. தீர்ந்துபோச்சு" என்று சொல்லி "இல்ல" தொட்டுக் காட்டுங்கள். இல்லை என்ற பதிலும் கிடைக்கும், அந்தச் சொல்லும் படியும்.

கை சரியாக வராத குழந்தை என்ன செய்யும்?

விரல் நடுங்கித் தவறாகப் படுகிறதென்றால், தொட்டவுடன் பேசாமல் விரலை எடுக்கும்போது பேசும்படியோ, அரை நொடி பிடித்தால்தான் பேசும்படியோ வைக்கலாம். செயலியின் அமைப்பிலோ போனின் ஆக்சஸிபிலிட்டியிலோ இது இருக்கும். கட்டங்களுக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மறைப்பைத் திரைமேல் பொருத்தலாம். கையே வராவிட்டால், ஒளி ஒவ்வொரு வரிசையாக நகர, தலையாலோ முழங்காலாலோ ஒரு சுவிட்சை அழுத்தித் தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. இதற்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பன்முக ஊனமுற்றோர் நிறுவனம், கோட்டூர்புரத்து வித்யா சாகர் போன்ற இடங்களில் கேளுங்கள்.

குழந்தையின் கையைப் பிடித்து டைப் செய்ய வைக்கும் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார். போகலாமா?

வேண்டாம். அந்த முறையில் வருவது பிடிப்பவரின் சொல், குழந்தையின் சொல் அல்ல என்பது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அமெரிக்க ஸ்பீச் தெரபிஸ்ட் சங்கம் 2018-இல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாக அறிவித்தது. குழந்தையே தொட வேண்டும், தவறாகத் தொட்டாலும் அது அவன் தொட்டதாக இருக்க வேண்டும்.

பள்ளியில் போன் கொண்டுவரக் கூடாது என்கிறார்கள்.

எழுத்தில் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 'தொடர்பு' என்பதற்குள் இத்தகைய மாற்று வழிகளையும் சேர்த்தே வரையறுக்கிறது. பேச்சுக் குறைபாடுள்ளவர்களுக்கு இவற்றை ஊக்குவிப்பது அரசின் கடமை என்று 17-ஆவது பிரிவில் சொல்கிறது. கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு, தெரபிஸ்டின் ஒரு பக்கச் சான்றையும் இணையுங்கள். சிம் இல்லை, கேமராவும் நெட்டும் பூட்டப்பட்டுள்ளன என்று எழுதினால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும். கருவியைப் பையில் பூட்டி வைத்து இடைவேளையில் மட்டும் தருவேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மற்ற குழந்தைகளின் வாயை யாரும் பையில் வைப்பதில்லை.

செலவுக்கு உதவி கிடைக்குமா?

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை உண்டு. தெரபிச் செலவில் ஒரு பகுதியை அதில் கேட்டுப் பெறலாம். செயலிக்கான பணத்துக்கு அதை நம்ப வேண்டாம். கையில் காசு இல்லையென்றால் இலவசச் செயலியும் பழைய போனுமாக இந்த வாரமே தொடங்குங்கள்.

போன் உடைந்தால், சார்ஜ் தீர்ந்தால்?

சொல் சேர்க்கும் ஒவ்வொரு நாளும் பேக்கப் எடுத்து டிரைவிலோ மெயிலிலோ போடுங்கள். முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏ4 தாளில் கலர் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்யுங்கள். கட்டங்களின் இடம் செயலியில் உள்ளபடியே இருக்கட்டும். மூன்று பிரதி எடுத்து ஒன்று பள்ளிப் பையில், ஒன்று குளியலறைக் கதவில், ஒன்று பாட்டி வீட்டில் வையுங்கள். தொட்டுக் காட்டும்போது அருகிலிருப்பவர் அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும். போனில் புதிய சொல் சேர்த்தால் தாளையும் மாற்றிவிடுங்கள்.